எண்ணிப் பார்க்க வந்தவர்கள்



சில நாட்களுக்கு முன்னர், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பணி செய்வதற்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். "நிரந்தர உத்தியோகமா?" என்று கேட்டேன். "இல்லை, ஐயா" என்றார். "தேர்வு எழுதி அதிகாரியாகப் போகிறாயா?" என்றேன். அதுவும் இல்லையாம். "பின், அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு, "எண்ணிப் பார்க்கிற வேலை, ஐயா" என்றார்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் பொருள் உண்டு. சிந்தித்தல் என்றும் பொருள் உண்டு. அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் போன பிறகு அந்தச் சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அரசாங்கம் ஆண்டுதோறும் எத்தனையோ திட்டங்களை நிறைவேற்றுகிறது. இந்த ஆண்டு இத்தனை கிணறு வெட்டினோம், இத்தனை கறவை மாடு வழங்கினோம் என்ற கணக்கு எந்த அலுவலகத்தில் கேட்டாலும் கிடைக்கும். வெட்டிய கிணற்றில் நீர் ஊறியதா, அதனால் எத்தனை ஏக்கர் புதிதாகப் பயிராயிற்று, வழங்கிய மாடு மறு ஆண்டு அந்த வீட்டுத் தொழுவத்தில் நின்றதா என்று கேட்டுப் பாருங்கள். விடை எளிதில் கிடைக்காது. செலவுக் கணக்கு வேறு, பயன் கணக்கு வேறு. இந்த இரண்டாவது கணக்கைச் சான்றோடு தேடி எடுத்து, அதன்படி கொள்கை வகுக்க உதவும்பொருட்டு, உயர்கல்வி முடித்த இளைஞர்களைச் சில காலம் அரசாங்கத்துக்குள்ளேயே அமர்த்துவது ஓர் ஏற்பாடு. ஆங்கிலச் சொல்லால் ஃபெல்லோஷிப் என்று அதை வழங்குகிறோம். நம் மாநிலத்தில் அதற்குப் புத்தாய்வுத் திட்டம் என்று பெயர் சூட்டினார்கள்.

இது நேற்று முளைத்த கருத்து அன்று. இலண்டன் மாநகரில் 1960ஆம் ஆண்டில் வெளிநாட்டு வளர்ச்சி நிறுவனம் என்ற ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுவந்த காலம் அது. புதிய அரசாங்கங்களில் அமைச்சர்கள் இருந்தார்கள், கொடி இருந்தது, தேசிய கீதம் இருந்தது; வரவு செலவைக் கணக்கிட்டுத் திட்டம் வகுக்கக்கூடிய ஆட்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். ஆகவே 1963ஆம் ஆண்டு முதல் அந்த நிறுவனம் இளம் பொருளாதாரப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக் காலத்துக்கு அந்நாடுகளின் அமைச்சகங்களில் பணி செய்ய அனுப்பத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் தொடங்கிய அது, பின்னர் கரீபியன் தீவுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் பரவியது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் பட்டதாரிகளே போனார்கள். பிற்காலத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. இதுகாறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றிருக்கின்றனர்.

அந்த ஏற்பாட்டில் நான் மெச்சும் நுட்பம் ஒன்று உண்டு. அனுப்பப்பட்ட இளைஞர் இலண்டன் நிறுவனத்தின் ஆளாக அங்கே போய் உட்காரவில்லை. அந்த நாட்டு அரசாங்கமே அவரை வேலைக்கு அமர்த்திற்று. உள்ளூர் அலுவலர் பெறும் சம்பளத்தை அது கொடுத்தது. அதற்கு மேற்பட்ட தொகையை மட்டும் நிறுவனம் கொடுத்தது. ஆகவே அவருக்கு எசமானர் அந்த நாட்டு அமைச்சரே. மேசை அந்த நாட்டு அலுவலகத்து மேசையே. யோசனை சொல்ல வந்த விருந்தாளிக்கும், வேலை செய்ய வந்த ஊழியனுக்கும் உள்ள வேற்றுமை அதில் அடங்கியிருக்கிறது. விருந்தாளி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடலாம். ஊழியன் எழுதிய கணக்குத் தவறானால், மறு திங்கட்கிழமை அதே அறையில் அதே முகங்களுக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய இளைஞர்கள் பணி செய்த நாடுகளில் போட்சுவானா ஒன்று. அதன் கதையைச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கலகாரிப் பாலைவனத்தைப் பெரும்பகுதியாகக் கொண்டது அந்நாடு. பிரிட்டிஷார் ஆண்டபோது அதன் பெயர் பெச்சுவானாலாந்து. அதன் தலைமை அலுவலகமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்த மாஃபெகிங் என்ற ஊரில் இருந்தது என்றால், அந்த ஆட்சியின் சிரத்தையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1965ஆம் ஆண்டில்தான் காபரோனி என்னும் புதிய தலைநகருக்கு அது பெயர்ந்தது. 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விடுதலை வந்தபோது, நாடு முழுவதும் 12 கிலோமீட்டர் நீளமே தார்ச்சாலை இருந்தது என்றும், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அந்நாட்டார் 22 பேரே இருந்தனர் என்றும் பொருளாதார நூல்கள் எழுதுகின்றன. போதாக்குறைக்கு அந்த ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வேறு. மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. அன்றாட அரசாங்கச் செலவுக்கே பிரிட்டனின் மானியத்தைக் கையேந்திப் பெறவேண்டிய நிலை.

அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா. அவருக்கு வலக்கை போன்றவர் குவெட் மசிரே. துணைத் தலைவராகவும் நிதி அமைச்சராகவும் இருந்து, 1980இல் தாமே குடியரசுத் தலைவரானவர். இந்த மசிரே ஒரு பள்ளி ஆசிரியர். கன்யே என்னும் தம் ஊரில் 1950ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி ஒன்றை நிறுவி, அதன் தலைமை ஆசிரியராக இருந்தவர். கல்லூரிப் படியை மிதித்தவர் அல்லர். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் நான் அவரைச் சற்று மிகையாகப் புகழ்வதாக நீங்கள் ஐயுற்றால், அது முற்றும் தவறு என்று சொல்லமாட்டேன்.

பட்டம் பெறாத அந்தத் தலைமை ஆசிரியர், பட்டம் பெற்ற இளைஞர்களைக் கண்டு அஞ்சவும் இல்லை, மயங்கவும் இல்லை. பக்கத்து நாடுகள் பல, வெளிநாட்டு அலுவலர்களை விரைந்து அனுப்பிவிட்டு அந்த நாற்காலிகளில் தம்மவரை அமர்த்தின. அதில் தன்மானத்தின் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. போட்சுவானாவோ தன் பிள்ளைகள் படித்து வரும்வரை பொறுத்திருந்தது. உள்நாட்டிலேயே இதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆயினும், கணக்குப் போடுவது யாராக இருந்தாலும் முடிவு செய்வது அமைச்சரவை என்ற ஒழுங்கைக் கைவிடாதவரை தமக்குக் குறைவில்லை என்று அந்தத் தலைவர்கள் கருதினார்கள்.

இனி, கணக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். தென்னாப்பிரிக்காவும் அதை அடுத்த மூன்று சிறு நாடுகளும் ஒரே சுங்க வட்டமாக இருந்தன. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு வசூலாகும் சுங்க வரியை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் பங்கை 1910ஆம் ஆண்டில், அதற்கு முந்திய சில ஆண்டுகளின் வாணிகத்தை வைத்து நிர்ணயித்தார்கள். பெச்சுவானாலாந்தின் பங்கு நூற்றுக்கு 0.27622. அதாவது நூறு ரூபாய் வசூலானால் 28 காசுக்கும் குறைவு! தென்னாப்பிரிக்காவுக்கோ நூற்றுக்கு 98 ரூபாய்க்கு மேல். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பிரிவினை நிலைத்தது. இடையில் 1965இல் மூன்று சிறு நாடுகளும் தமக்குக் கிடைத்த துளியைத் தமக்குள் மாற்றிப் பிரித்துக்கொண்டனவே தவிர, பெரியவன் பங்கில் கைவைக்க ஒருவராலும் இயலவில்லை.

விடுதலைக்குப் பின் புதிய உடன்படிக்கை பேசத் தொடங்கினார்கள். எதிரே அமர்ந்திருந்தது, தன் புள்ளிவிவரங்களைத் தானே வைத்திருந்த பெரிய அரசாங்கம். "எங்கள் பங்கு போதாது" என்று வாயால் சொன்னால் அது கேட்குமா? நாட்டுக்குள் எவ்வளவு சரக்கு வருகிறது, அதில் எவ்வளவு வரி அடங்கியிருக்கிறது, தென்னாப்பிரிக்கத் தொழிற்சாலைகளைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட உயர்ந்த வரியால் போட்சுவானாவின் ஏழைக் குடிமகன் எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கிறான் என்றெல்லாம் எண்ணிக் காட்டியாக வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு நிதியமைச்சில் இருந்த ஒரு சில பொருளாதார அலுவலர்களையே நாடு நம்பியிருந்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி ஒவ்வொரு சிறு நாட்டின் பங்கும் அதன் இறக்குமதியையும் உற்பத்தியையும் பொறுத்துக் கணக்கிடப்பட்டு, அவ்வாறு வந்த தொகை 1.42 என்ற எண்ணால் பெருக்கப்பட்டது. அந்த மேல் நாற்பத்திரண்டு பங்கு, இதுவரை சொன்ன இழப்புகளுக்கு ஈடு. போட்சுவானாவின் சுங்க வருவாய் உடனே சில மடங்கு உயர்ந்தது. பிரிட்டிஷ் மானியத்தை 1970களின் தொடக்கத்திலேயே அந்நாடு விட்டொழித்தது. வைரம் கிடைத்ததால் அந்நாடு பிழைத்தது என்பார்கள். ஒராபாவில் வைரச் சுரங்கம் வேலை தொடங்கியது 1971இல்தான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வைரத்தின் பங்கையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. 1975இல் சுரங்கக் கம்பெனியோடு மீண்டும் பேசி, அதில் சரிபாதியை அரசாங்கம் தனதாக்கிக்கொண்டது. பேரம் பேசக் கற்ற கை அது. போட்சுவானாவைச் சொர்க்கம் என்று நான் வருணிக்கவும் இல்லை. செல்வத்துக்கும் வறுமைக்கும் இடையே அங்கே இருக்கும் பள்ளம் மிக ஆழமானது. ஆனால் 1982 முதல் 1987 வரை தொடர்ந்து மழை பொய்த்தபோது, அந்நாட்டில் பட்டினிச் சாவு பெருகவில்லை. சிறு மருத்துவ நிலையங்களில் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து எடை எழுதினார்கள். எந்த வட்டாரத்தில் எடை குறையத் தொடங்குகிறது என்பது தலைநகருக்குத் தெரிந்தது. எங்கே உணவு அனுப்ப வேண்டும் என்பதைக் கூக்குரல் எழுந்த பின்னர் அறிய வேண்டிய நிலை ஏற்படவில்லை. தராசில் குழந்தையை வைத்து, முள்ளைப் பார்த்து, எண்ணை உள்ளபடியே எழுதிய செவிலி இந்தக் கதையில் எந்தப் பொருளாதார நிபுணருக்கும் இளைத்தவள் அல்லள்.

அந்நாட்டில் க்கோட்லா என்று ஒரு சபை உண்டு. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் மரத்தடியில் கூடுவது. அரசாங்கம் புதிய திட்டம் கொண்டுவந்தால் அமைச்சரோ அலுவலரோ அங்கே போய் விளக்கியாக வேண்டும். ஊரார் எழுந்து கேள்வி கேட்பார்கள். நம் கிராம சபையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைநகர் மேசையில் சரியாக வந்த கணக்கு மரத்தடியில் இடறி விழுவதுண்டு. ஏனெனில் அந்தக் கணக்கில் வராத ஒன்று ஊராருக்குத் தெரிந்திருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், பிரதமரின் ஊரக வளர்ச்சி ஃபெல்லோக்கள் என்ற பெயரில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, நக்சலைட் கிளர்ச்சியால் துன்புற்ற மாவட்டங்களில் ஆட்சியர்களுக்கு உதவியாக அனுப்பியது. டாடா சமூக அறிவியல் கழகம் அவர்களுக்குப் பயிற்சி தந்தது. அதே 2012 ஏப்ரலில்தான், சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியராக இருந்த நம் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் அலெக்ஸ் பால் மேனன் கடத்தப்பட்டுச் சில நாட்கள் காட்டில் சிறைவைக்கப்பட்டார். அப்படிப்பட்ட இடங்களுக்கு அந்த இளைஞர்கள் துணிந்து போனார்கள் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதில் கல்விப் பங்காளி.

இத்திட்டங்களைக் குறித்து எனக்கு ஐயங்களும் உண்டு. இரண்டு ஆண்டு என்பது ஓர் அலுவலகத்தின் பழக்க வழக்கங்களைக் கற்பதற்கே சரியாக இருக்கும். கற்று முடித்ததும் அந்த இளைஞர் போய்விடுகிறார். அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார். மேலதிகாரி விரும்பாவிட்டால், அவருக்குப் படம் போட்டு அறிக்கை அழகுபடுத்தும் வேலைதான் மிஞ்சும். இன்னொன்று: முப்பது ஆண்டு அதே பிரிவில் இருக்கும் எழுத்தருக்குத் தெரிந்ததைக் கேட்டறியாத இளைஞர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவரே. ஆனால் இடம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் பதவி உயர்வு தவறிவிடும் என்ற கவலையும் அவருக்கு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அச்சம் நிறைய இருந்தது. அதனால் என்ன விளைந்தது என்பதற்கு என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த காலம். 2013ஆம் ஆண்டு, மாசி மாதம். மாவட்ட நிருவாகத்துக்கு உதவியாகப் பணி செய்துவந்த ஓர் இளம்பெண் எங்கள் பள்ளிக்கு வந்தார். வடநாட்டில் எங்கோ படித்த தமிழ்ப்பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. வருகைப் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். அன்றைய வருகை 187. அவர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணினார். 152. திரும்பி வந்து நாற்காலியில் அமராமல் நின்றபடியே, "ஐயா, மற்ற 35 பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சல் என்றேன், திருவிழா என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் போனார். ஏட்டில் என்ன எழுதினாலும் உலையில் போடும் அரிசியைப் பிள்ளைத் தலைகளை எண்ணித்தானே போட வேண்டும்? எங்கள் சமையல் அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். "தை பிறந்தால் சூளைக்குப் போகிற பிள்ளைகள் போய்விடும் அம்மா, ஆடிக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டார்.

அதுதான் உண்மை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல, பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைகளுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள், யாரிடம் விட்டுப்போவது? மேலிடத்துக்கு நாங்கள் மாதந்தோறும் அனுப்பும் படிவத்தில் 'இடைநின்ற மாணவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. 35 என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். ஆசிரியர் பணியிடம் ஒன்று போனாலும் போகும். நான் எட்டு ஆண்டுகள் 'இல்லை' என்று எழுதினேன். என் பள்ளியையும் என் ஆசிரியர்களையும் காப்பதாகவே நினைத்து எழுதினேன். பிறருக்குத் தீங்கு செய்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் ஒன்றுதான் சொன்னார். "ஐயா, சூளை இருக்கிற ஊரில் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கலாமா என்று பார்க்கத்தான் வந்தேன். ஆனால் இந்த ஒன்றியத்திலிருந்து ஒரு பிள்ளைகூடப் போகவில்லை என்று அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது."

நான் அன்று பதில் சொல்லவில்லை. இரவு உறக்கம் வரவில்லை. நான் எழுதிய 'இல்லை' என்ற சொல்லுக்கு, அந்த 35 பிள்ளைகளும் இவ்வுலகத்தில் எங்குமே இல்லை என்பதுதான் பொருளாகிவிட்டது. எங்கள் பள்ளியில் உடல் இல்லை. சூளைப் பக்கத்துப் பள்ளியில் பெயர் இல்லை.

மறுநாள் காலை பதிவேடுகளை எடுத்துவைத்து அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த மாதம் போனார்கள், எந்தச் சூளைக்கு என்று தெரிந்த அளவில் குறித்தேன். அவர் எழுதிய அறிக்கையில் என் பள்ளியின் பெயர் இருந்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு எங்களுக்கு ஓர் ஆசிரியர் குறைந்தார். அதே ஆண்டு தை மாதத்தில், பெரிய சூளை ஒன்றின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகையில் ஒரு வகுப்பும் தொடங்கினார்கள். என் 35 பேரில் 19 பேர் அங்கே போனார்கள். மற்றவர்களின் சூளைகள் தொலைவில் இருந்தன.

நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளில் இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக விட்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்பில் அவள் தம்பி. எந்த ஊருக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்.